ஓடுகிற பணத்துக்கு ஒரு பூட்டு

1975 ஜூன் மாதம். 'மாரேவா' என்ற கப்பலை நாளுக்கு 3,850 டாலர் வாடகைக்கு எடுத்த கம்பெனி ஒன்று, அதை இந்திய அரசுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தது. உரம் ஏற்றிக்கொண்டு கப்பல் இந்தியாவுக்குப் புறப்பட்டது. லண்டனில் இருந்த நம் தூதரகம் 1,74,000 பவுண்டை அங்கேயே ஒரு வங்கியில் அந்தக் கம்பெனியின் கணக்கில் கட்டியது. கம்பெனியோ கப்பல்காரருக்கு இரண்டு தவணை கொடுத்துவிட்டு, மூன்றாவதற்குக் கையை விரித்தது. மிச்சப் பணம் எந்த நேரமும் நாட்டை விட்டுப் போய்விடலாம்.

தீர்ப்பு வரும்வரை கடன்காரன் சொத்தில் கை வைக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 1890இலேயே ஒரு தீர்ப்பு உண்டு. வேடிக்கை என்னவென்றால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்யும் வழியை வெள்ளைக்காரர்களே நமக்கு 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நம்மூர் முன்சீப் கோர்ட் வக்கீலுக்குத் தெரிந்த வித்தை லண்டன் வக்கீலுக்கு இல்லை!

ஆனால் மாரேவா வழக்குக்கு முந்தைய மாதம்தான் ஒரு ஜப்பானியக் கப்பல் கம்பெனிக்காக டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் பணத்தை முடக்கித் தடையாணை தந்திருந்தது. மாரேவாவின் வக்கீல்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கீழ்க்கோர்ட் நீதிபதி தயங்கி, ஜூன் 23 மாலை 5 மணிவரை மட்டும் தடை கொடுத்தார். அன்றைக்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீட்டித்தது. எதிர்த்தரப்பு கோர்ட்டில் இல்லவே இல்லை.

தீர்ப்பு அச்சில் வந்ததும் எல்லோரும் பாய்ந்துவிடுவதில்லை. கப்பல் வழக்கு நடத்துகிறவர்கள் சின்னக் கூட்டம். இன்றைக்குக் கணக்கு முடங்கித் தவிக்கிற கட்சிக்காரரின் வக்கீல், நாளைக்கு இன்னொருவருக்காக அதே ஆணையைக் கேட்டு நிற்பார். இந்த வைத்தியம் பரவியது பெரும்பாலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். 1979 வாக்கில் மாதம் சுமார் 20 மனுக்கள் வந்தன.

அந்த ஆண்டு டென்னிங் நிபந்தனைகளை வரையறுத்தார். தனக்குப் பாதகமான விஷயத்தையும் மனுதாரர் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் கைநழுவும் என்று அஞ்சுவதற்குக் காரணம் காட்ட வேண்டும். தடை தவறென்று முடிந்தால் நஷ்டத்தை ஈடுகட்டுவதாக உறுதி தர வேண்டும். வக்கீல் அலுவலகங்களுக்கு வேண்டியிருந்தது இதுதான். நிபந்தனைக்கு ஒரு பத்தி என்று மாதிரி மனு தயாராகிவிட்டால், ஜூனியர் வக்கீல் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடுவார். 1981இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதைச் சட்டத்தில் ஒப்புக்கொண்டது.

அதற்குள் வங்கிகள் புலம்பத் தொடங்கியிருந்தன. ஆணையின் நகல் வந்துவிட்டால், தெரிந்தே பணத்தை வெளியே விடுவது கோர்ட் அவமதிப்பு. எந்தக் கிளையில் எந்தக் கணக்கு என்று தேடுகிற செலவு யார் தலையில்? ஆணை கேட்டவர் தலையில்தான் என்று 1980களின் தொடக்கத்தில் முடிவானது. மாதிரி மனுவில் இன்னொரு பத்தி ஏறியது.