ஒரே பிஹெச்.டி... ஒருவருக்கு ரூ.37,000, இன்னொருவருக்கு ரூ.8,000, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை! சுற்றுச்சூழல் படிப்பு உதவித்தொகையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

எம்.எஸ்சி சுற்றுச்சூழல் அறிவியல் முடித்த மூன்று பேர். மூவருமே ஆற்று நீரில் கலக்கும் கழிவுகள் பற்றித்தான் பிஹெச்.டி ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆளின் வங்கிக் கணக்கில் மாதம் ரூ.37,000 ஏறுகிறது. கூடவே வீட்டு வாடகைப்படியும் உண்டு. இரண்டாவது ஆளுக்கு ரூ.8,000. மூன்றாவது ஆளுக்கு யாரும் எதுவும் தருவதில்லை. அவர்தான் பல்கலைக்கழகத்துக்கு வருஷா வருஷம் கட்டணம் கட்டுகிறார்.

இந்த மூவருக்கும் எம்.எஸ்சியில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணாகக்கூட இருக்கலாம். எந்தத் தேர்வை எழுதினார்கள், எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள் என்ற இரண்டு விஷயங்கள்தான் இந்த வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்களே அதிகம். அதனால் சேர்வதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

ரூ.37,000 யாருக்கு?

இது ஜே.ஆர்.எஃப், அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. ரூ.31,000 ஆக இருந்ததை 2023 ஜனவரி 1 முதல் ரூ.37,000 ஆக உயர்த்தினார்கள். முதல் 2 ஆண்டுகளுக்கு இந்தத் தொகை. ஆராய்ச்சி ஒழுங்காகப் போகிறது என்று குழு ஒப்புக்கொண்டால், அடுத்த 3 ஆண்டுகளுக்கு எஸ்.ஆர்.எஃப் என்ற பெயரில் மாதம் ரூ.42,000.

இதை வாங்க யுஜிசி நெட் தேர்வு எழுத வேண்டும். ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு சுற்றுகள். தேசிய தேர்வு முகமை நடத்துகிறது. இதில் 'சுற்றுச்சூழல் அறிவியல்' தனிப் பாடமாகவே இருக்கிறது, பாட எண் 89. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100 கேள்விகள், மொத்தம் 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான முதல் தாளில் உள்ள பத்து அலகுகளில் ஒன்று 'மக்கள், வளர்ச்சி, சுற்றுச்சூழல்'. வரலாறு படித்தவரும் வணிகவியல் படித்தவரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்கிற பகுதி, நம்மாளுக்குச் சொந்தப் பாடம். இந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம்.

முதுநிலையில் 55% மதிப்பெண் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50% போதும். இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். 2024 முதல், நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75% எடுத்தவர்களும் எழுத முடிகிறது. ஜே.ஆர்.எஃப்-புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டுகள் தளர்வு உண்டு.

ஆனால், எழுதியவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? 2024 ஜூன் சுற்றை எடுத்துக்கொள்வோம். முதலில் நடந்த தேர்வை மறுநாளே ரத்து செய்து, ஆகஸ்ட் - செப்டம்பரில் மறுபடியும் நடத்தினார்களே, அதே சுற்றுதான். எல்லாப் பாடங்களும் சேர்த்து தேர்வு எழுதியவர்கள் 6,84,224 பேர். ஜே.ஆர்.எஃப் பெற்றவர்கள் 4,970 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். மொழிப் பாடங்களுக்குத்தான் விதிவிலக்கு. இளநிலை வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவர், 'யூட்ரோஃபிகேஷன்' என்றால் ஏரியில் உரச்சத்து மிகுந்து பாசி மண்டுவதுதான் என்று நினைவுபடுத்திக்கொள்ளும் அந்தச் சில நொடிகளும் தேர்வு நேரத்தில் கணக்குதான்.

சுற்றுச்சூழல் மாணவர் எந்தத் தேர்வை எழுதுவது?

வேதியியல் மாணவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவருக்கு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் நேரடிப் பாடம் இருக்கிறது. சிஎஸ்ஐஆர் நெட்டில் இருப்பவை ஐந்தே பாடங்கள்: வேதியியல், இயற்பியல், கணிதம், உயிர் அறிவியல், புவி - வளிமண்டல - கடல் அறிவியல். சுற்றுச்சூழல் அறிவியல் என்று தனியாகக் கிடையாது.

மயிலாடுதுறை ஏ.வி.சி கல்லூரியிலோ ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ எம்.எஸ்சி வனவிலங்கு உயிரியல் முடித்தவர் என்ன செய்வார்? சூழலியலும் பரிணாமமும் பலம் என்றால் சிஎஸ்ஐஆர் உயிர் அறிவியல். ஆனால் அங்கே செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல் படித்தவர்களோடு மோத வேண்டும், தவறான விடைக்கு மதிப்பெண்ணும் குறையும். மாசுக் கட்டுப்பாடு, சுற்றுச்சூழல் சட்டம், தாக்க மதிப்பீடு வரை பரவலாகப் படிக்கத் தயார் என்றால் யுஜிசி சுற்றுச்சூழல் அறிவியல். பலர் இரண்டையும் எழுதுகிறார்கள். புத்திசாலித்தனமும் அதுதான். தொகை இரண்டிலும் ஒன்றே.

பொறியியல் பக்கம் இருப்பவர்களுக்கு கேட். அதில் 2021-ல்தான் 'சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல்' தனித் தாளாக வந்தது. கேட் தகுதியோடு ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற எம்.இ., எம்.டெக் படிப்பில் சேர்ந்தால் படிக்கும்போதே மாதம் ரூ.12,400 கிடைக்கும். எம்.எஸ்சி மாணவருக்கு அப்படி நேரடியாக எதுவும் இல்லை. யுஜிசியின் முதுநிலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை மட்டும் இருக்கிறது: மாதம் ரூ.15,000, ஆண்டுக்கு 10 மாதங்கள். நாடு முழுவதும் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து 10,000 பேருக்குத்தான். இளநிலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு. முதலாம் ஆண்டு சேர்ந்ததுமே தேசிய உதவித்தொகை இணையதளத்தைப் பார்த்துவிட வேண்டும்.

அந்த ரூ.8,000 எங்கிருந்து வருகிறது?

இதுதான் பலருக்குத் தெரியாத கணக்கு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாமல் முழுநேர பிஹெச்.டி சேர்பவர்களுக்கு யுஜிசி தருவது 'நான்-நெட்' உதவித்தொகை, மாதம் ரூ.8,000. நம் பக்கத்தில் இருக்கும் உதாரணம் புதுச்சேரி பல்கலைக்கழகம். அங்கே சூழலியல் மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல் துறை இருக்கிறது.

இந்தத் தொகை 2012-ல் முடிவானது. அப்போது ஜே.ஆர்.எஃப் ரூ.16,000. அதாவது நான்-நெட் தொகை அதில் சரிபாதி. அதன் பிறகு ஜே.ஆர்.எஃப் ரூ.25,000, ரூ.31,000, ரூ.37,000 என்று மூன்று முறை ஏறிவிட்டது. நான்-நெட் அதே ரூ.8,000-ல் நிற்கிறது. இன்றைக்கு அது ஜே.ஆர்.எஃப் தொகையில் கால்வாசிகூட இல்லை. 2015 அக்டோபரில் இதையே மொத்தமாக நிறுத்த யுஜிசி முடிவெடுத்தபோது, டெல்லியில் மாணவர்கள் யுஜிசி அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். உதவித்தொகை பிழைத்தது. தொகை மட்டும் உயரவில்லை.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் இந்த ரூ.8,000-மும் கிடையாது. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் தனித் துறைகள் இருக்கின்றன. தாமிரபரணி பற்றி ஆய்வு செய்ய ஆழ்வார்குறிச்சியை விட வசதியான இடம் எது? ஆனால் அங்கே கையில் ஜே.ஆர்.எஃப் இல்லாமல் போகிறவர், ஆற்றுக்குப் போகிற பஸ் டிக்கெட்டைச் சொந்தக் காசில்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதே சமயம், ஜே.ஆர்.எஃப் என்பது மாணவரோடு கூடவே பயணிக்கும் பணம். டெல்லியில் சேர்ந்தாலும் ஆழ்வார்குறிச்சியில் சேர்ந்தாலும் அதே ரூ.37,000. ஊருக்கு ஏற்ப வாடகைப்படி மட்டும் மாறும்.

நெட் இல்லாதவர்களுக்கு வேறு வழி?

இருக்கிறது. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில் 120 பேருக்கு மாதம் ரூ.25,000, 3 ஆண்டுகளுக்கு. அரசுக் கல்லூரிகளிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் முழுநேர ஆராய்ச்சி செய்பவர்களுக்கான திட்டம் இது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2023 டிசம்பரில் இதற்குத் தேர்வு நடத்தியது. அறிவிப்பு வரும்போது பாடப் பட்டியலில் உங்கள் பாடம் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் முழுநேர பிஹெச்.டி-க்கு மாநில அரசு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. மத்திய அரசு எஸ்.சி., ஓ.பி.சி மாணவர்களுக்குத் தரும் தேசிய உதவித்தொகைகளுக்கு நெட் மதிப்பெண் தேவை. பழங்குடியினருக்கான தேசிய உதவித்தொகை அப்படி இல்லை. ஆண்டுக்கு 750 பேர், முதுநிலை மதிப்பெண் அடிப்படையில் தேர்வு. நீலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ இருந்து வந்து காட்டைப் பற்றியே ஆராய்ச்சி செய்ய நினைக்கும் மாணவர் இதைத் தவற விடக்கூடாது. சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-23 முதல் நிறுத்திவிட்டார்கள்.

பல்கலைக்கழக அளவில் முதலிடம் பிடித்தவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை உண்டு. ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் சேர்பவர்களுக்குப் பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகையும் இருக்கிறது. அதில் ரூ.70,000-ல் தொடங்கி ரூ.80,000 வரை போகும். ஆனால் அங்கே போட்டியே வேறு மாதிரி.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 'முதலமைச்சரின் பசுமை ஃபெல்லோஷிப்' என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது பிஹெச்.டி-க்கான பணம் கிடையாது. மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து பருவநிலை மாற்றம் தொடர்பான வேலைகளைப் பார்க்கும் குறிப்பிட்ட காலப் பணி அது. வெளிநாட்டு உதவித்தொகைகளிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கும்: அமெரிக்க முதுநிலைப் படிப்புக்கான ஃபுல்பிரைட்-நேரு திட்டத்துக்கு 3 ஆண்டு பணி அனுபவம் கேட்கிறார்கள், ஜெர்மனியின் டாட் அமைப்பு தரும் வளர்ச்சி சார்ந்த படிப்புகளுக்கு 2 ஆண்டுகள். கல்லூரி முடித்த கையோடு விண்ணப்பித்தால் வேலைக்காகாது.

எல்லோரும் படிக்கும் பாடம்தானே இது?

வேடிக்கை அங்கேதான். எம்.சி.மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகத்தான் பி.காம் படித்தாலும் பி.ஏ தமிழ் படித்தாலும் ஒரு பருவத்தில் 'ஈ.வி.எஸ்' எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் அந்த வகுப்பை எடுப்பவர் விலங்கியல் பேராசிரியராகவோ, அன்றைக்கு வகுப்பு இல்லாத வேறு யாராவதாகவோ இருக்கிறார். எல்லோருக்கும் கட்டாயமான ஒரு பாடத்தை முழுதாகப் படித்தவருக்கு அதே கல்லூரியில் தனித் துறை இல்லை. துறை இல்லையென்றால் வழிகாட்டியும் இல்லை, ஆராய்ச்சி இடமும் இல்லை.

பணம் கிடைத்த பிறகும் கவனிக்க வேண்டியது

ஜே.ஆர்.எஃப்-போடு ஆராய்ச்சிச் செலவுக்கென்று தனித் தொகை உண்டு. அறிவியல் பாடங்களுக்கு யுஜிசி தருவது முதல் 2 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ரூ.12,000. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். நூலகத்தில் உட்கார்ந்து செய்யும் ஆய்வுக்கு ஓரளவு தாங்கும். மாதம் இருமுறை பத்து இடங்களில் தண்ணீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கன உலோகப் பரிசோதனைக்கு வெளி ஆய்வகத்தில் கட்டணம் கட்டுபவருக்கு எப்படிப் போதும்? சேரும் முன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் தலைப்பைப் பற்றிப் பேசுகிற அதே மூச்சில், அவரிடம் நடப்பில் இருக்கும் ஆராய்ச்சித் திட்டம் ஏதும் உண்டா, பரிசோதனைச் செலவு அதிலிருந்து வருமா என்று கேட்டுவிடுவது தப்பே இல்லை.

அடுத்தது, பணம் வரும் பாதை. யுஜிசி உதவித்தொகை கனரா வங்கியின் இணையதளம் வழியாக நேரடியாக மாணவர் கணக்குக்கு வருகிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் 'இவர் ஆராய்ச்சியைத் தொடர்கிறார்' என்று கல்வி நிறுவனம் அந்தத் தளத்தில் உறுதிசெய்ய வேண்டும். ஒரு அலுவலர் பதிவு செய்ய, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனாலும் அந்த மாதப் பணம் நிற்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த இருவர் யார், அவர்கள் எந்தப் பிரிவில் உட்காருகிறார்கள், விடுப்பில் போனால் மாற்று ஆள் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.