அடுக்களைக் குப்பையும் வெள்ளலூர்ப் புகையும்

கோவை நகரில் நாம் வாசலில் வைக்கும் குப்பையின் பெரும்பகுதி எங்கே போகிறதென்று எண்ணிப் பார்த்ததுண்டா, அன்பர்களே? வெள்ளலூருக்குப் போகிறது. 2024 ஏப்ரலில் அங்குள்ள கிடங்கு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தது. நம் இல்லங்களின் துப்புரவுக்காகச் சுற்றுப்புற மக்கள் மூச்சுத் திணற வேண்டியதாயிற்று.

இக்கேட்டின் வேர் நம் அடுக்களையில் இருக்கிறது. காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் மற்றக் குப்பையோடு கலந்து எறிந்தால், அவை குவியலின் அடியில் காற்றுப் புகாமல் அழுகி மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. எளிதில் தீப்பற்றும் வாயு அது. அத்தோலையே துளையிட்ட பழைய மண்பானையில் சேர்த்து, காய்ந்த சருகும் சிறிது மண்ணும் மாறி மாறி இட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால், இரண்டு மூன்று மாதங்களில் நல்ல உரமாகும். நாற்றமெடுத்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். சருகைக் கூட்டினால் போதும்.

நம் கொங்கு நாட்டுப் பாட்டிமாருக்கு இதை எவரும் கற்பிக்கவில்லை. அரிசி களைந்த நீர் கழுநீர்த் தொட்டிக்கும், தோல் மாட்டுக்கும், சாணமும் சாம்பலும் எருக்குழிக்கும் போயின. அடுக்குமாடி வீட்டில் மாடேது என்பீர்கள். மெய்தான், ஆனால் பானை வைக்கப் பால்கனி உண்டே!

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், உண்ணுமளவே சமைப்பதையும் குப்பையைப் பிரித்து வைப்பதையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். பிளாஸ்டிக் பைகளை 2019 ஜனவரியிலேயே தமிழக அரசு தடைசெய்துவிட்டது. கலியாண வீடுகளில் பெற்ற மஞ்சள் பைகளோ நம் பீரோக்களில் உறங்குகின்றன. சந்தைக்குச் செல்கையில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை இறைச்சி எலும்புகளை மட்டும் பானையில் இடவேண்டாம், எலி வரும்.