முள் அசையவில்லையா? கருவியைக் குறை சொல்லும் முன்...

கணினித் திரையில் ஒரு சிறிய விமானம் சுபாங்கிலிருந்து ஈப்போவை நோக்கிப் பறந்துகொண்டிருக்கிறது. ஓட்டுபவன் பதினேழு வயதுப் பையன். சேமித்த காசில் வாங்கி, சிமுலேட்டரில் புதிதாகச் சேர்த்த விமானம் அது. தஞ்சோங் மாலிம் தாண்டிவிட்டது. ஈப்போவுக்கு வழிகாட்ட வேண்டிய முள் மட்டும் நட்டநடுவில் அப்படியே நிற்கிறது. விமானத்தை இடப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கம் திருப்பினாலும் அதில் அசைவே இல்லை. "கருவி கெட்டுப்போச்சு" என்று எரிச்சலோடு அந்த விமானத்தையே அழித்துவிட்டு, மறுபடியும் பதிவிறக்கம் செய்கிறான். மணி இரண்டாகிறது. மீண்டும் அதே கதைதான்.

விளையாட்டுத்தானே, இதற்கு என்ன இவ்வளவு கவலை என்று பெற்றோர் கேட்கலாம். சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா வட்டாரங்களில் பால்மரங்கள் இருந்த இடங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கே பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் விமானி ஆக வேண்டும் என்று ஆசைப்படும் காலம் இது. விமானப் பயிற்சிக்குப் பெருந்தொகை வேண்டும். அந்த ஆசையின் முதல் படி பல பிள்ளைகளுக்கு வீட்டுக் கணினியில்தான் தொடங்குகிறது. அங்கே பழகும் பழக்கம் நல்லதோ கெட்டதோ, பின்னாளில் கூடவே வரும்.

பால் ஸ்டோர் சொன்ன பாடம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. ஸ்டோரில் பாலை நிறுத்ததும் கணக்கு முடிந்துவிடாது. மங்கில் மழைத் தண்ணீர் சேர்ந்திருந்தால் எடை கூடும், ரப்பர் கூடாது. அதனால்தான் கொஞ்சம் பாலை மாதிரிக்கு எடுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று தனியாகச் சோதித்தார்கள். தராசு பொய் சொல்லவில்லை. தன்மேல் வைத்ததைத்தான் அது காட்டியது. ஆனால் தராசை மட்டும் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை. இரண்டாவதாக ஒன்றைக் கேட்டார்கள்.

விமானத்தின் முன்பலகைக்கும் இதே விதிதான். ஒரு கருவியை நம்புவதற்கு முன்னும் சரி, பழிப்பதற்கு முன்னும் சரி, பக்கத்திலுள்ள இன்னொன்றைக் கேட்க வேண்டும்.

எவை சேர்ந்து கெட்டன?

முதல் கேள்வி இதுதான். பழைய வகை செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் கருவிகள் மூன்று குடும்பங்களாக இருக்கின்றன. வேகமானி, உயரமானி, ஏறி இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி ஆகிய மூன்றும் வெளிக்காற்றின் அழுத்தத்தை நம்பி வாழ்பவை. செயற்கை அடிவானமும் சுழல் திசைகாட்டியும் என்ஜின் ஓட்டும் காற்றுறிஞ்சு பம்பினால் சுழல்பவை. திருப்பத்தைக் காட்டும் கருவியும் வானொலிக் கருவிகளும் மின்சாரத்தில் ஓடுபவை.

ஒரு குடும்பம் முழுவதும் படுத்துவிட்டால், கருவிகளில் குற்றமில்லை. அவற்றுக்கு உணவு போடும் இடத்தில்தான் கோளாறு. செயற்கை அடிவானமும் திசைகாட்டியும் சேர்ந்து சாய்ந்தால் பம்பைப் பார்க்க வேண்டும். வானொலிக் கருவிகள் எல்லாம் இருண்டுவிட்டால் ஏவியானிக்ஸ் சுவிட்சையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கருவி மட்டும் தவறினால்தான் அந்தக் கருவியைச் சந்தேகிக்கலாம்.

சிமுலேட்டரில் இன்னொன்றும் உண்டு. கருவிகளை வேண்டுமென்றே கெடுத்துப் பழகும் வசதி அதில் இருக்கிறது. என்றோ அதைத் திறந்துவிட்டு மறந்திருக்கலாம். கூடுதலாக வாங்கும் விமானங்களில் சில, சென்ற பயணத்தில் ஏற்பட்ட சேதத்தையும் நினைவில் வைத்திருக்கும்.

நடுவில் நிற்கும் முள்

பையனின் விமானத்துக்கு வருவோம். வி.ஓ.ஆர். என்பது தரையில் நின்று வானொலி அலையால் திசை சொல்லும் நிலையம். முள் நடுவில் இருந்தால் சரியான பாதையில் போகிறோம் என்று பொருள். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அலையே வந்து சேராவிட்டாலும் முள் நடுவில்தான் நிற்கும். அப்போது கருவியில் ஒரு சிறிய எச்சரிக்கைக் கொடி தெரியும். கொடியைப் பார்க்காமல் முள்ளை மட்டும் பார்ப்பவர், வழி தவறியதே தெரியாமல் நிம்மதியாகப் பறப்பார்.

கொடி தெரிந்தால் சோதிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, அலைவரிசை. அது காத்திருப்புப் பகுதியிலேயே இருக்கிறதா, செயல்படும் பகுதிக்கு மாற்றப்பட்டதா? இரண்டாவது, நிலையத்தின் மோர்ஸ் ஒலி. அது காதில் விழுந்தால்தான் சரியான நிலையத்தைப் பிடித்திருக்கிறோம் என்பது உறுதி. மூன்றாவது, முள்ளுக்குத் தகவல் தருவது வானொலியா ஜி.பி.எஸ்ஸா என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான். அது ஜி.பி.எஸ். பக்கம் இருந்தால், வி.ஓ.ஆர். எவ்வளவு சொன்னாலும் முள் கேட்காது. புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

நான்காவது, உயரம். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. 1,500 அடி உயரத்தில் அதிகபட்சம் சுமார் 47 கடல்மைல் தொலைவுக்கே அது எட்டும். தஞ்சோங் மாலிமிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 60 கடல்மைல். நிஜ வானில் அந்த உயரத்தில் ஈப்போவின் குரல் அங்கே கேட்காது; 3,000 அடிக்கு ஏறினால் கேட்க வாய்ப்புண்டு. கிழக்கே தித்திவங்சா, மேற்கே கிளேடாங் மலைத்தொடர் என்று இருபுறமும் சுவர் வைத்த கிந்தா பள்ளத்தாக்கில், தாழப் பறப்பவருக்கு மலையும் குறுக்கே நிற்கும். சிமுலேட்டரிலும் ஒவ்வொரு நிலையத்துக்கும் எட்டும் தூரம் என்று ஓர் எல்லை உண்டு.

திசை தவறும் திசைகாட்டி

சுழல் திசைகாட்டி ஒன்று காட்ட, காந்தத் திசைகாட்டி வேறொன்று காட்டினால்? சுழலும் கருவி நேரம் ஆக ஆக மெல்ல விலகிப் போவது இயல்பு. விமானிகள் சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, நேராகச் சமமாகப் பறக்கும்போது, அதைக் காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். 2006-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸிலும் இந்த விலகல் உண்டு. 'டி' விசையை அழுத்தினால் சரியாகிவிடும்.

காந்த வடக்கும் உண்மை வடக்கும் வேறுபடுவதால் வந்த வினை என்று சிலர் நினைக்கலாம். சிட்னியில் அந்த வேறுபாடு 12 பாகைக்கு மேல். நம் தீபகற்பத்திலோ ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே பேராக் வானில் திசை தவறினால் பழியைக் காந்தத்தின்மேல் போட வழியில்லை.

பெரிய ஜெட் விமானங்களில் வேறு விதம். போயிங் 737-இல் தன்னிலை அறியும் கருவி புறப்படும் முன் அசையாமல் நின்று தன்னைச் சீர்செய்துகொள்ள வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் இதற்குக் குறைந்த நேரமே ஆகும். துருவத்தை நெருங்க நெருங்க நேரம் கூடும். அதற்குள் அவசரப்பட்டு விமானத்தை நகர்த்தினால் திரையில் வரைபடம் வராது. அது கோளாறல்ல, பொறுமையின்மை.

விமானத்திலா, சிமுலேட்டரிலா?

இவை எல்லாம் சரியாக இருந்தும் முள் அசையவில்லையா? சிமுலேட்டரோடு வந்த சாதாரண செஸ்னாவை அதே இடத்தில், அதே உயரத்தில், அதே அலைவரிசையோடு பறக்கவிடுங்கள். அதில் முள் அசைந்தால் கோளாறு புதிய விமானத்தில். அதிலும் அசையாவிட்டால் புதிய விமானம் நிரபராதி. சிமுலேட்டரின் தகவலில் குறை. விமான வழிகாட்டித் தகவல்கள் உலகெங்கும் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. நிலையங்கள் மூடப்படும், அலைவரிசைகள் மாறும். பழைய சிமுலேட்டரில் புதிய வரைபடத்தை வைத்துப் பறந்தால் இல்லாத நிலையத்தைத் தேட நேரும்.

புதிய விமானத்தில்தான் கோளாறு என்றால் கோப்புகளைப் பார்க்கலாம். முன்பலகையில் கருவி இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தால் அதன் கோப்பு வந்து சேரவில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் அதை எடுத்து ஒதுக்கியிருக்கலாம். சிமுலேட்டர் எக்ஸில் புதிய கருவியை நம்பலாமா என்று ஒரு கேள்வி வரும்; அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தினால் கருவி தோன்றாது. 2020, 2024 பதிப்புகளில் 'கம்யூனிட்டி' கோப்புறையிலுள்ள மற்றச் சேர்க்கைகளை வெளியே எடுத்துவிட்டு, இந்த ஒரு விமானத்தை மட்டும் வைத்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், எது குணப்படுத்தியது என்பது கடைசிவரை தெரியாது.

நிஜ வானில் நடந்தவை

2018 ஜூலை 18-ஆம் நாள் பிரிஸ்பனிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய ஏர்லைன்ஸ் எம்.எச்.134 விமானத்தில் வேகமானிகள் சரியாக வேலை செய்யவில்லை. கருவிகளில் குற்றமில்லை. குளவி கூடு கட்டாமல் இருக்கக் காற்றுக் குழாய்களில் போட்ட உறைகளைக் கழற்றாமலே விமானம் பறந்துவிட்டது. மாற்று வழியில் வேகத்தை அறிந்து விமானிகள் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். சில கூடுதல் விமானங்களில் இந்த உறைகள்கூட இருக்கின்றன. கழற்றாமல் பறந்தால் அங்கேயும் வேகம் காட்டாது.

2005 ஆகஸ்டு 1-ஆம் நாள் பெர்த்திலிருந்து வந்த எம்.எச்.124, ஒரே நேரத்தில் வேகம் குறைவு என்றும் வேகம் மிகுதி என்றும் எச்சரித்து, தானாகவே மூக்கைத் தூக்கியது. 2001-இலேயே கெட்டுப்போன ஓர் உணர்கருவியின் தகவலை, இன்னொன்று கெட்டதும் மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டதுதான் காரணம். திரை நன்றாகத்தான் இருந்தது. அதற்கு வந்த தகவல் கெட்டிருந்தது. அந்த விமானமும் பெர்த்துக்குப் பத்திரமாகத் திரும்பியது.

1978 ஜனவரி 1-ஆம் நாள் பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 855 திரும்பவில்லை. தலைமை விமானியின் செயற்கை அடிவானம் வலப்பக்கச் சாய்வைக் காட்டியபடியே நின்றுவிட்டது. சமமாக இருந்த விமானத்தை அதை நம்பி அவர் இடப்பக்கம் சாய்த்தார். இருட்டு, கீழே கடல். பக்கத்திலேயே வேறு கருவிகள் இருந்தன. 213 பேரும் மாண்டார்கள்.

வீட்டுத் திரையில் விமானம் விழுந்தால் யாருக்கும் காயமில்லை. இன்னொரு முறை பறக்கலாம். அதனால்தான் அது பழகுவதற்கு நல்ல இடம். அடுத்த முறை முள் அசையாதபோது, பிள்ளை விமானத்தை அழிக்காமல் நோட்டை எடுத்து, "வேறு எந்தக் கருவி என்ன சொல்கிறது?" என்று பார்க்கிறானா என்று கவனியுங்கள். பார்த்தால், கொஞ்சம் நேரமானாலும் விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள்.