எந்த வேலைக்கு எந்தப் பரீட்சை?

அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், பதவியேற்ற மறுதினமாகிய 2025 ஜனவரி 21 அன்று, அரசாங்க ஒப்பந்தக்காரர்கள் எல்லா இனத்தாருக்கும் வேலையில் இடமளிக்க முயற்சி எடுக்க வேண்டுமென்று 1965-இல் அன்றைய ஜனாதிபதி ஜான்சன் பிறப்பித்திருந்த ஆணையை ரத்து செய்தபோது, இனித் திறமை ஒன்றே பார்க்கப்படும் என்று ஒரு சாரார் மகிழ்ந்தனர். பழைய அநீதி திரும்புகிறது என்று மறுசாரார் கலங்கினர். இரு சாராரும் திறமையைத் தராசில் நிறுத்துவிடக்கூடிய பண்டமாகவே பாவித்துப் பேசுகிறார்கள். அது அவ்வளவு சுலபமன்று என்பதை வட கரோலினாவின் டான் ரிவர் அனல்மின் நிலையத்து வழக்கைப் படித்தவர்கள் அறிவார்கள்.

டியூக் பவர் கம்பெனிக்குச் சொந்தமான அந்நிலையத்தில் கறுப்பர்களுக்குக் கூலிப் பிரிவு ஒன்றிலேதான் இடம். அப்பிரிவின் உச்சச் சம்பளங்கூட மற்றப் பிரிவுகளின் கடைசிச் சம்பளத்தை எட்டாது. இனம் பார்த்து வேலை மறுப்பதைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்த 1965 ஜூலை 2 அன்றே (தற்செயல் என்று நம்ப விரும்புவோர் நம்பிக்கொள்ளலாம்), மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேருவோர், முன்பே கேட்டுவந்த உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு, இரண்டு பொதுப் பரீட்சைகளிலும் தேற வேண்டுமென்று கம்பெனி விதித்தது. 1960 ஜனக்கணக்கின்படி அம்மாகாணத்து வெள்ளை ஆடவரிலேயே நூற்றுக்கு 34 பேர்தான் அப்பள்ளிப் படிப்பை முடித்திருந்தனர். கறுப்பரில் 12 பேர். ஆனால் சான்றிதழோ பரீட்சையோ இல்லாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளையர் அதே வேலைகளைக் குறைவின்றிச் செய்துவந்தனர் என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. வேலைக்குச் சம்பந்தமற்ற ஒரு பரீட்சை, துர்எண்ணமின்றியே வைக்கப்பட்டிருந்தாலும், ஓர் இனத்தாரைப் பெருமளவில் விலக்குமானால் அது செல்லாது என்று 1971-இல் சுப்ரீம் கோர்ட் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அதை எழுதிய பிரதம நீதிபதி பர்கர் நிக்ஸன் நியமித்தவர். பழமைவாதி என்றே பெயரெடுத்தவர்.

மறுபக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. நியூ ஹேவன் நகராட்சி, தீயணைப்புப் படையில் பதவி உயர்வுக்கு நடத்திய பரீட்சையில் கறுப்பர் எவருக்கும் உடனடி உயர்வு கிட்டாது என்று கண்டு முடிவையே தள்ளிவிட, உழைத்துப் படித்துத் தேறியவர்கள் வழக்காடி, 2009-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வென்றார்கள்.

2025 ஏப்ரலில் வந்த டிரம்பின் மற்றோர் ஆணை, 1971-இல் வகுக்கப்பட்ட கொள்கையை அமல்செய்வதிலிருந்து அரசாங்க இலாகாக்கள் இயன்றமட்டும் விலக வேண்டுமென்கிறது. ஆயினும் அக்கொள்கை 1991-இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலேயே ஏறிவிட்டபடியால், ஜனாதிபதியின் கையெழுத்து ஒன்றினால் அது அழியாது. அரசாங்கம் வாளாவிருந்தாலும், விலக்கப்பட்ட தொழிலாளி தானே கோர்ட்டுக்குப் போகலாம். தன் இனத்தாரைப் பரீட்சை வெகுவாக விலக்குகிறதென்று அவர் நிரூபித்துவிட்டால், அந்தப் பரீட்சைக்கும் அந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று காட்டும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது.