விலைக் கணக்கும் நம் முடிவும்

குப்பனூர் வழியாகச் சேர்வராயன் மலைமீது ஏறுகிறவர் மேலே காப்பித் தோட்டங்களைக் காண்கிறார். கீழே சேலத்துப் பக்கம் தறி ஓசை கேட்கிறார். காப்பிக்கும் நூலுக்கும் விலை நிலையாக நிற்பதில்லை. “இறங்கிய விலை ஏறாமலா போகும்?” என்று கடன்பட்டுச் சரக்கை இருத்தி வைப்போர் நம்மில் பலர். இந்த நம்பிக்கை சரிதானா என்று சோதிக்கப் புள்ளியியலில் வழியுண்டு. அதனை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

மாதந்தோறும் வரிசையாகக் குறித்த விலைகளைக் காலத்தொடர் என்பர். அது பெரும்பாலும் இரு வகையில் அடங்கும். ஊஞ்சலைத் தள்ளினால் மீண்டும் தன் நிலைக்கு வருவதுபோல், சராசரிக்குத் திரும்புவது ஒரு வகை. கால்போன போக்கில் நடப்பவனைப்போல், நின்ற இடத்திலிருந்தே அடுத்த அடி வைப்பது மற்றொரு வகை. முதல் வகையாயின், வட்டியையும் கணக்கிட்டுக் காத்திருக்கலாம். இரண்டாவதாயின், பழைய விலை திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. வளர்வது வட்டி ஒன்றே.

எவ்வகை என்று சோதிக்கும் முறையை டிக்கி, புல்லர் என்னும் அறிஞர் இருவர் 1979-இல் வெளியிட்டனர். விலை உயர்ந்திருந்தபோதெல்லாம் பின்னர் இறங்கும் போக்கும், தாழ்ந்திருந்தபோது ஏறும் போக்கும் உண்டா என்று அது பார்க்கிறது. சில மாதக் கணக்கு இதற்குப் போதாது. பல்லாண்டுக் கணக்கு வேண்டும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. இரண்டு விலைகள் சேர்ந்து ஏறினால், ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று எண்ணிவிடுகிறோம். தொடர்பே இல்லாத இரு தொடர்களும் ஒத்து நடப்பதுபோல் தோன்றக்கூடும் என்று யூல் என்பார் 1926-லேயே எச்சரித்தார். உண்மையிலேயே பிணைந்தவை இடையிடையே விலகினாலும் மீண்டும் நெருங்கும். அப்பிணைப்பைச் சோதிக்கும் முறையை எங்கிளும் கிரேஞ்சரும் 1987-இல் வகுத்தனர். 2003-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பஞ்சு விலையையும் நூல் விலையையும் இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம்.

நடுவே விதியே மாறிவிடுவதும் உண்டு. 1989-இல் உலகக் காப்பி உடன்படிக்கையின் ஏற்றுமதிப் பங்கீடு நின்றது, விலை வீழ்ந்தது. காப்பி வாரியமே விளைச்சலைத் திரட்டி விற்ற ஏற்பாடு 1990-களில் படிப்படியாகத் தளர்ந்து முடிவுற்றது. இவற்றுக்கு முந்திய கணக்கையும் பிந்திய கணக்கையும் ஒரே தொடராகக் கொண்டால் சோதனையே பிழைபடும்.

ஆதலின் சங்கங்கள் செய்யத்தக்கது இதுவே: ஒரே தரம், ஒரே சந்தை, ஒரே அளவு என்று வைத்து, விலையை மாதந்தவறாமல் பேரேட்டில் எழுதி வருக. கடும் மழை, வறட்சி, வரிமாற்றம் ஆகியவற்றையும் பக்கத்தில் குறிக்க. சோதனையைக் கணிப்பொறி நொடியில் செய்துவிடும். ஆனால் எழுதாத கணக்கை எந்தப் பொறியும் சோதிக்க இயலாது. ஊகத்தை நம்பிக் கடன்படுவதினும் ஏட்டை நம்பி முடிவு செய்வதே நம் கூட்டுறவுக்கு அழகு.