டீமுக்கு என்ன வயசு? கால்பந்தில் 'சராசரி வயது' கணக்கு போடுவது எப்படி: பழவேற்காடு பசங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்

பொன்னேரி,

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரியை சுற்றி கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று ஏகப்பட்ட மீனவ கிராமங்கள் உள்ளன. சாயங்காலம் வெயில் தாழ்ந்தால் போதும். வலை காயப்போட்ட மணலிலேயே கல்லை வைத்து கோல் போஸ்ட் ஆக்கி பந்து உதைக்க ஆரம்பித்து விடுவார்கள் பசங்க.

டி.வி.யில் கால்பந்து மேட்ச் ஓடினால் டீக்கடையில் ஒரு பேச்சு கண்டிப்பாக வரும். "இது கிழட்டு டீம்பா... அது சின்னப் பசங்க டீம்" என்பார்கள். 'இந்த அணியின் சராசரி வயது 26.4' என்று திரையிலும் ஒரு எண் ஓடும். அந்த எண் எங்கிருந்து வருகிறது? அதை நம்பலாமா? அதற்கும் நம்ம குப்பத்து பையனுக்கும் என்ன சம்பந்தம்? பார்ப்போம்.

சாதாரண கணக்கு

11 பேர் வயதையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் வருவதுதான் சராசரி. ஒரு குப்பத்து டீமை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வீரர்களின் வயது 17, 17, 18, 18, 19, 19, 20, 20, 21, 22. கோல் கீப்பர் மட்டும் 40 வயது அண்ணன். கூட்டினால் 231. வகுத்தால் சரியாக 21.

ஆனால் அந்த அண்ணனை விட்டுவிட்டு பாருங்கள். மீதி 10 பேரின் சராசரி 19.1 தான்! ஒரே ஆள் டீமின் வயதை கிட்டத்தட்ட 2 வருஷம் ஏற்றி விட்டார். அதனால் சிலர் 'நடு வயது' பார்ப்பார்கள். எல்லோரையும் வயது வரிசையில் நிற்க வைத்து நடுவில் நிற்கும் 6-வது ஆளின் வயதை எடுப்பது. இந்த டீமுக்கு அது 19. பசங்களின் உண்மை நிலவரத்துக்கு இதுதான் பக்கம்.

உலகக் கோப்பையிலேயே இந்த கூத்து உண்டு. 1982-ல் கோப்பை வென்ற இத்தாலி அணியின் கேப்டன், கோல் கீப்பர் டினோ ஜோப். வயது 40. அதே இறுதிப்போட்டியில் அவரோடு ஆடிய பெர்கோமிக்கு வயது 18. இரண்டு பேருக்கும் சராசரி போட்டால் 29. ஆனால் இரண்டு பேரில் யாருமே 29 இல்லை!

பங்கு பிரிப்பது போல ஒரு கணக்கு

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டீமில் பேர் இருக்கும், ஆனால் ஆள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் வயதையும் முழுசாக சேர்ப்பது நியாயமா?

இது மீனவர்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசத்தில் 10 நாள் படகு ஏறியவனுக்கும், ஒரு நாள் மட்டும் வந்தவனுக்கும் ஒரே பங்கு கொடுத்தால் ஒத்துக்கொள்வார்களா? அதே போலத்தான் இங்கேயும். எத்தனை நிமிடம் ஆடினாரோ அந்த அளவுக்கு அவர் வயதுக்கு 'பங்கு'.

உதாரணமாக ஒரே இடத்தில் 20 வயது பையன் 80 நிமிடம் ஆடுகிறான். அவனுக்கு பதிலாக 36 வயது வீரர் கடைசி 10 நிமிடம் இறங்குகிறார். சும்மா சராசரி போட்டால் 28. நிமிடக் கணக்கில் போட்டால் 21.8 தான். எவ்வளவு வித்தியாசம் பாருங்க! சுவிட்சர்லாந்தில் உள்ள சி.ஐ.இ.எஸ். என்ற கால்பந்து ஆய்வு மையம் ஆடிய நிமிடத்தை வைத்துத்தான் அணிகளின் வயதை கணக்கிடுகிறது.

சென்னை அணியின் 'சீனியர்கள்'

நம்ம சென்னையின் எப்.சி. அணிக்கே வருவோம். ஐ.எஸ்.எல். போட்டி 2014-ம் ஆண்டு தொடங்கியபோது பயிற்சியாளரும் வீரருமாக இருந்தவர் இத்தாலியின் மெட்டராசி. வயது 41. சீசன் நடுவில் நவம்பரில் வந்து சேர்ந்த நெஸ்டாவுக்கு 38. பிரான்சின் சில்வஸ்டருக்கு 37. பிரேசில் வீரர் எலனோவுக்கு 33. மறுபக்கம் மிசோரம் வீரர் ஜெஜேவுக்கு 23, கொலம்பியாவின் மென்டோசாவுக்கு 22.

இந்த 6 பேரை மட்டும் கூட்டி வகுத்தால் 32-ஐ தாண்டும். ஆனால் நெஸ்டா கடைசியில் வந்து சில மேட்ச்களில் மட்டும்தான் ஆடினார். அவருக்கு முழு பங்கு கொடுத்து 'கிழட்டு டீம்' என்றால் அது தப்புக் கணக்கு. அந்த வருடம் லீக் பட்டியலில் முதல் இடம் பிடித்தது சென்னை அணிதான். 8 கோல் அடித்து அதிக கோல் அடித்தவர் என்ற பரிசை வாங்கியவர் 33 வயது எலனோ. அடுத்த வருடம் 2015-ல் கோப்பையை வென்றபோது அந்த பரிசை வாங்கியவர் இளைஞர் மென்டோசா. அடித்தது 13 கோல்.

முழுக்க முழுக்க சின்னப் பசங்களை வைத்தும் ஒரு அணி இருந்தது. பெயர் இந்தியன் ஆரோஸ். 2017-ல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய பசங்களை சேர்த்து, இந்திய கால்பந்து சம்மேளனம் ஐ-லீக் போட்டியில் இறக்கியது. முதல் மேட்சிலேயே சென்னை சிட்டி அணியை 3-0 என்று கவிழ்த்தார்கள். ஆனால் சீசன் முடிவில் கடைசி இடம்தான் கிடைத்தது. இளம் டீம் என்றால் இன்றைக்கு அடி வாங்கும், நாளைக்கு ஆள் தயாராகும். அந்த பசங்களில் பலர் பிறகு ஐ.எஸ்.எல். அணிகளுக்கு போனார்கள். 2022-ல் இந்தியன் ஆரோஸ் அணி கலைக்கப்பட்டது.

எந்த தேதியில் எண்ணுவது?

2023 ஆகஸ்டு 12-ந்தேதி துரந்த் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோல் அடித்தவர் சென்னை வீரர் நந்தகுமார். பிறந்தது 1995 டிசம்பர் 20. அன்றைக்கு அவர் வயது 27 என்று எழுதுவார்கள். உண்மையில் 27 வயது முடிந்து கிட்டத்தட்ட 8 மாதம். இப்படி எல்லோருக்கும் மாதத்தை வெட்டி விட்டு எண்ணினால், டீமின் சராசரி சுமார் அரை வருஷம் குறைந்து போகும். அதனால்தான் நாள் கணக்கு வரை பார்க்கிறார்கள்.

இங்கேதான் நம்ம விஷயம்

எப்படி கணக்கு போட்டாலும் அடிப்படை ஒன்றுதான். அது பிறந்த தேதி. அது தப்பு என்றால் எல்லாமே தப்பு.

2017 உலகக் கோப்பைக்கு 2000 ஜனவரி 1 அல்லது அதற்கு பிறகு பிறந்தவர்கள்தான் ஆட முடியும். சர்டிபிகேட்டில் 1999 டிசம்பர் 31 என்று இருந்தால் ஒரே நாளில் வாய்ப்பு போச்சு!

நம்ம பக்கம் முன்பெல்லாம் என்ன நடந்தது? ஸ்கூலில் சேர்க்க வயது பத்தாது என்றால், வாய்க்கு வந்த ஒரு ஜூன் மாத தேதியை சொல்லி வருஷத்தையும் கூட்டிப் போட்டு விடுவார்கள். அன்றைக்கு சீட் கிடைத்தது. ஆனால் அந்த பையன் நன்றாக ஆடி தேர்வுக்கு போகும்போது, நிஜத்தில் 16 வயது, காகிதத்தில் 17. வாசலிலேயே திருப்பி அனுப்பி விடுவார்கள். கிளப்புகள் ஆள் எடுக்கும் 16, 17 வயதுதான் பல வீடுகளில் பையன் படகு ஏறும் வயதும். அந்த ஒரு வருஷம் போனால் போனதுதான்.

சிலர் வயதை குறைத்து காட்டுவதும் உண்டு. அது இப்போது எடுபடாது. 2009-ல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை முதல் பிபா அமைப்பு மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து பார்க்கிறது. வளரும் வயதில் மணிக்கட்டு எலும்பின் முனையில் ஒரு இடைவெளி தெரியும். வளர்ச்சி முடிந்தால் அது ஒட்டி விடும். 17 வயதுக்குள் முழுசாக ஒட்டுவது அபூர்வம். மாட்டினால் தடைதான். அதோடு, பொய் வயதில் ஒருத்தன் உள்ளே போனால் நிஜ வயதுள்ள இன்னொரு பையன் வெளியே நிற்கிறான் என்று அர்த்தம்.

பெற்றோர் கவனத்துக்கு...

* குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. ஒரு வருஷம் தாண்டி விட்டால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு வாங்க அலைய வேண்டும்.

* 2023 அக்டோபர் 1-ந்தேதி அல்லது அதற்கு பிறகு பிறந்த குழந்தைகளுக்கு ஸ்கூல் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்பு சான்றிதழ் மட்டும்தான். வாயால் சொல்லும் தேதி இனி செல்லாது.

* அதற்கு முன் பிறந்த பசங்க வீட்டில் பிறப்பு சான்றிதழ், ஸ்கூல் ரெக்கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்து பக்கத்தில் வைத்து பாருங்கள். மூன்றிலும் ஒரே தேதி இருக்கிறதா? இல்லை என்றால் 10-ம் வகுப்பு மார்க் சீட் அச்சாகும் முன்பே தலைமை ஆசிரியரை பார்த்து பேசி விடுங்கள். அச்சான பிறகு மாற்றுவது பெரிய அலைச்சல்.

மணலில் ஆடும்போது யாரும் வயசு கேட்க மாட்டார்கள். பழவேற்காட்டை தாண்டி பஸ் ஏறி தேர்வுக்கு போனால் முதலில் கேட்பது அதைத்தான்.