கைபேசி ஒளிப்பதிவை டி.வி.டி. ஆக்குவது எப்படி?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் சுன்னாகம், மல்லாகம் பகுதிகளின் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் நீண்டகாலம் வாழ்ந்தன. 2009க்குப் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. விடுபடாத காணிகள் இன்னும் உண்டு. திரும்பிச் சென்றவர்கள் தம் கிணற்றையும் பற்றை மூடிய தோட்டத்தையும் கைபேசியில் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் திருமண, மரணச் சடங்குகளின் ஒளிப்பதிவுகளை அனுப்புகிறார்கள். ஆனால் இவற்றைக் காண ஏங்கும் முதியவர்களுக்குக் கைபேசியின் சிறிய திரை வசதிப்படுவதில்லை. பழைய ரி.வி.யும் டி.வி.டி. கருவியும் வீட்டில் இருந்தால் அவற்றையே பயன்படுத்தலாம்.

வெறுமனே பிரதி செய்தால் ஏன் ஓடாது?

டி.வி.டி. கருவிகள் முதன்முதலில் 1996இல் யப்பானில் விற்பனைக்கு வந்தன. அவை ‘எம்பெக்-2’ என்ற முறையில் சுருக்கிய படத்தையே வாசிக்கும். கைபேசிகள் பயன்படுத்தும் ‘எச்.264’ முறை 2003இல்தான் வந்தது. எனவே கைபேசிக் கோப்பை அப்படியே இறுவட்டில் இட்டால் கணினி அதைத் திறக்கும். பழைய கருவியோ திறக்காது. முதலில் கோப்பை மாற்றி, டி.வி.டி.க்குரிய ஒழுங்கில் அடுக்கி, அதன் பின்னரே பதிய வேண்டும்.

செய்யும் முறை

1. கோப்பைக் கேபிள் மூலம் கணினிக்கு மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். வெளிநாட்டிலிருந்து அனுப்புவோரிடம் அதனை ‘ஆவணமாக’ அனுப்பச் சொல்லுங்கள்.

2. ‘டி.வி.டி. ஸ்டைலர்’ இலவச மென்பொருள். இதற்கெனப் பணம் கொடுத்து வேறொன்று வாங்கத் தேவையில்லை. அதில் ‘பி.ஏ.எல்.’ முறையைத் தெரிவு செய்யுங்கள், இலங்கை ரி.வி.களுக்கு உரியது அதுவே. கனடாவுக்கு அனுப்பும் இறுவட்டானால் ‘என்.ரி.எஸ்.சி.’ முறையைத் தெரிவு செய்யுங்கள்.

3. கோப்புகளை வரிசைப்படி சேருங்கள். ‘கிணறு’, ‘கோவில்’, ‘கலியாணம்’ என ஒவ்வொன்றுக்கும் தலைப்பிட்டால் ரிமோட் மூலம் தெரிவு செய்வது எளிது.

4. நீளத்தைக் கவனியுங்கள். சாதாரண இறுவட்டு 4.7 ஜி.பி. கொள்ளும். செக்கனுக்கு 5 மெகாபிற் வீதம் 2 மணி நேரப் படம் 4.5 ஜி.பி. ஆகும், ஒலிக்கும் சிறிது இடம் வேண்டும். எனவே ஓர் இறுவட்டுக்கு 2 மணி நேரமே நல்ல அளவு. அதற்கு மேல் திணித்தால் படம் மங்கும்.

5. முதலில் கணினியிலேயே ஒரு கோப்புறையாகச் சேமித்து ஓடவிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்தலாம். இவ்வாறு செய்தால் இறுவட்டு வீணாகாது.

6. பின்னர் 4 மடங்கு அல்லது 8 மடங்கு என்ற குறைந்த வேகத்தில் பதியுங்கள். மின்சாரம் தடைப்பட்டால் பதிவு பாதியில் நின்று இறுவட்டு பழுதாகும். ஆகையால் மடிக்கணினியின் பற்றரியை நிரப்பிய பின்னரே தொடங்குங்கள்.

புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இறுவட்டுச் செருகி இல்லை. யு.எஸ்.பி. மூலம் இணைக்கும் தனிக் கருவி கிடைக்கிறது. ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை. ஒரு மாதர் சங்கமோ விவசாய சம்மேளனமோ ஒன்றை வாங்கி வைத்தால் கிராமம் முழுவதற்கும் போதும். ரி.வி. புதியதாக இருந்து அதில் யு.எஸ்.பி. துளையும் இருந்தால், பெரும்பாலும் பென் டிரைவில் கோப்பைப் போட்டாலே ஓடும். இந்த வேலையே தேவைப்படாது.

பாதுகாப்பது எப்படி?

பதிந்த இறுவட்டின் மேற்பரப்பில் குமிழ்முனைப் பேனாவால் எழுத வேண்டாம். மென்முனை மார்க்கர் நல்லது. வெயிலும் வெப்பமும் பதிவுச் சாயத்தைக் கெடுக்கும். தகரக் கூரையின் கீழ் வாழ்வோர் இதனை விசேடமாகக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மூலக் கோப்பு. மாற்றும்போது படத்தின் நுணுக்கம் குறைகிறது. இழந்த நுணுக்கத்தை டி.வி.டி.யிலிருந்து மீளப் பெற முடியாது. ஆகவே டி.வி.டி. பார்ப்பதற்கு, மூலக் கோப்பு காப்பதற்கு. அதனை இரண்டு இடங்களில் வையுங்கள்: ஒன்று வீட்டில், மற்றொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அழிந்தன. இடம்பெயர்ந்த நாம் அல்பத்தையும் உறுதியையும் ஓட்டத்தில் விட்டு வந்தவர்கள். ஓரிடத்தில் மட்டும் உள்ளது ஒரே நாளில் போய்விடும் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இம்முறை இரண்டாவது பிரதியை இன்றே எடுத்து வைப்போம்.